நினைவு மலரில் பெயர் ஏன் பிழைக்கிறது? பாமினியிலிருந்து ஒருங்குறிக்குப் பக்கம் அமைத்தல்

புலம்பெயர்ந்த நாடுகளில் எமது குடும்பங்கள் தாமே பதிப்பாளராக மாறும் சந்தர்ப்பம் பெரும்பாலும் ஒன்றுதான். வீட்டில் ஒருவர் மறைந்தால் 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு நினைவு மலர் கையில் இருக்கவேண்டும். ஊரிலே 'கல்வெட்டு' என்று சொல்லிவந்த அதே வழக்கம். திதி வெண்பா, தேவார திருவாசகங்கள், வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, பிள்ளைகளின் புலம்பல், பேரப்பிள்ளைகளின் சில வரிகள், கடைசியில் நன்றி நவிலல். நாற்பது பக்கமோ அறுபது பக்கமோ வரும் அந்தச் சிறு புத்தகத்துக்குக் கிடைக்கும் அவகாசம் அதிகம் போனால் மூன்று கிழமை.

விடயங்கள் வந்துசேரும் விதத்தைப் பாருங்கள். ஊரில் இருக்கும் பெரியப்பா பாமினியில் தட்டச்சுச் செய்து அனுப்புகிறார். சூரிச்சில் இருக்கும் மகன் வேர்ட் கோப்பில் ஒருங்குறியில் எழுதுகிறார். ரொறன்ரோ மருமகள் கைத்தொலைபேசியில் எழுதி வட்ஸ்அப்பில் போடுகிறார். ஒஸ்லோவில் பிறந்த பேத்தி நொர்வீஜிய மொழியில் அரைப்பக்கம் எழுதுகிறாள். இவை எல்லாவற்றையும் இன்டிசைனில் ஒன்றுசேர்ப்பவர் ஒரு கடைக்காரராக இருக்கலாம், அல்லது 'கொம்பியூட்டர் தெரிந்த' பெறாமகனாக இருக்கலாம். மலர் அச்சாகி வந்த பின்னர்தான் யாரோ ஒரு மாமி சொல்வார்: "ஐயோ, அக்காவின்ரை பெயரே பிழையாய் வந்திருக்கே."

இப்படியான மலர்கள் சிலவற்றுக்குப் பக்கம் அமைக்க உதவி வருபவர்கள் என்ற வகையில் நாம் கண்டது இதுதான்: அந்தப் பிழைகளில் பெரும்பாலானவை எழுதியவர் விட்ட எழுத்துப்பிழைகள் அல்ல. மென்பொருள் 'பழுதானதும்' அல்ல. திரையில் கண்ணுக்குத் தெரியும் எழுத்து ஒன்று, கோப்புக்குள் கிடக்கும் எழுத்து வேறொன்று. இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளியில்தான் பெயர்கள் பிழைக்கின்றன. அதைப் புரிந்துகொண்டால் திருத்துவதற்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

பாமினி உண்மையில் என்ன செய்கிறது

பாமினியில் 'தமிழ்' என்று தட்டும்போது கோப்பில் பதிவாவது தமிழ் அல்ல. ஆங்கில ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி. இந்த ஐந்தும்தான் அங்கே இருக்கின்றன. ஜே இருக்கவேண்டிய இடத்தில் 'த' வையும், கே இருக்கவேண்டிய இடத்தில் 'ம' வையும் படமாக வரைந்து வைத்திருக்கிறது எழுத்துரு. அந்த எழுத்துரு கணினியில் இருக்கும்வரை தமிழ் தெரியும். இல்லாவிட்டால் ஆங்கில எழுத்துக் குப்பை தெரியும்.

இதை ஒரு குறையாக மட்டும் சொல்வது நியாயமில்லை. கணினிக்கு இலத்தீன் எழுத்து மட்டுமே தெரிந்திருந்த காலத்தில், எமது பத்திரிகைகளும் கோவில் மலர்களும் பழைய மாணவர் சங்க வெளியீடுகளும் வந்தது இந்த உத்தியால்தான். ஒருங்குறியின் முதலாவது பதிப்பிலேயே, 1991 இல், தமிழுக்கு இடம் இருந்தது. விண்டோஸ் 2000 லதா எழுத்துருவுடன் வந்தது. ஆனால் பக்க வடிவமைப்பு மென்பொருள்கள் மிகவும் பிந்தின. இன்டிசைனில் தமிழ் உட்பட்ட இந்திய மொழிகளுக்கான ஆதரவை அடோபி சேர்த்தது 2012 இல் வெளியான சிஎஸ்6 பதிப்பில்தான். ஆகவே எமது அச்சகக்காரர்கள் பாமினியை விடாமல் வைத்திருந்ததைப் பிடிவாதம் என்று சொல்லமுடியாது. அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. இப்போது இருக்கிறது.

பாமினிக் கோப்பு ஏன் ஆபத்தானது என்பதற்கு ஒரு சிறு உதாரணம். வேர்ட் மென்பொருள் ஒவ்வொரு வசனத்தின் முதல் எழுத்தையும் தானாகவே பெரிய எழுத்தாக்கும். அதற்கு இது ஆங்கிலம் என்றுதான் நினைப்பு. பாமினியில் சிறிய ஜே 'த', பெரிய ஜே 'து'. எனவே "தம்பி எங்களை விட்டுப் போனான்" என்று எழுதினால் அது "தும்பி எங்களை விட்டுப் போனான்" என்று ஆகிவிடும். 'மகள்' என்று தொடங்கும் வசனம் 'முகள்' ஆகும். 'கணவர்' 'குணவர்' ஆவார். எழுதியவர் ஒழுங்காகத்தான் எழுதினார். பாமினியில் எழுதியே தீருவேன் என்பவர்கள் வேர்ட்டில் 'ஓட்டோ கரெக்ட்' பகுதிக்குச் சென்று, வசனத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் தெரிவை நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள்.

முதியவர்கள் ஒருங்குறிக்கு வரத் தயங்குவதன் காரணம் விசைப்பலகை. இருபது வருடம் பழகிய விரல்களைப் புதிதாகப் பழக்கச் சொன்னால் யாருக்கும் கோபம் வரும். ஆனால் பாமினி விசை ஒழுங்கிலேயே ஒருங்குறியில் எழுதலாம். இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் ஆகிய இலவச மென்பொருள்கள் இரண்டிலும் பாமினி விசைப்பலகைத் தெரிவு உண்டு. விரல் பழைய இடத்திலேயே போகும், கோப்பில் உண்மையான தமிழ் பதியும். பெரியப்பாவின் கணினியில் இதை ஒருமுறை நிறுவிக் கொடுத்துவிட்டால் அடுத்த தடவை பாதி வேலை குறைந்துவிடும்.

மாற்றியில் போட்டபின் வரும் புதிய பிழைகள்

ஏற்கெனவே பாமினியில் உள்ளதை மாற்றுவதற்கு எம்மவரான சுரதா உருவாக்கிய 'பொங்குதமிழ்' மாற்றியும், என்எச்எம் கொன்வேட்டரும் உண்டு. பாமினி எழுத்தை ஒரு பக்கத்தில் ஒட்டினால் மறுபக்கத்தில் ஒருங்குறி வரும். இதோடு வேலை முடிந்தது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் கவனிக்கவேண்டிய கட்டம் இங்கேதான் தொடங்குகிறது. மாற்றி ஓர் இயந்திரம். ஒரே விசைக்கு இரண்டு பொருள் இருக்கும் இடங்களில் அது ஒன்றைத் தெரிந்தெடுக்கும். அது தெரிந்தெடுப்பது சிலவேளை பிழையாக இருக்கும்.

முதலாவது, காற்புள்ளி. பாமினியில் ஆங்கிலக் காற்புள்ளி விசைதான் 'இ'. எனவே வேறு எழுத்துருவில் இடப்பட்ட காற்புள்ளிகளும் மாற்றிக்குள் போனால் 'இ' ஆகிவிடும். "பிள்ளைகள் கனடாஇ லண்டன்இ பாரிஸ் ஆகிய இடங்களில் வசிக்கின்றனர்" என்று வரும் வசனத்தை எமது இணையத்தளங்களில் நீங்களும் கண்டிருப்பீர்கள். தமிழில் ஒரு சொல் தனி 'இ' யில் முடிவதில்லை. ஆகவே 'இ' யும் அதைத் தொடர்ந்து ஓர் இடைவெளியும் வரும் இடங்களைத் தேடி, காற்புள்ளியும் இடைவெளியுமாக மாற்றலாம். ஆனால் 'எல்லாவற்றையும் மாற்று' என்று ஒரேயடியாக அழுத்தவேண்டாம். 'இ கந்தையா' என்று புள்ளி இல்லாமல் முதலெழுத்து இட்டவர்கள் இருப்பார்கள். தகப்பனாரின் பெயரின் முதலெழுத்துக் காற்புள்ளியாகிவிடும்.

இரண்டாவது, 'வெளி'. பாமினியில் 'ள' எழுத்துக்கும் 'கௌ' வின் வலப்பக்கத் துண்டுக்கும் ஒரே விசை. கொம்பு, ஒரு மெய், பிறகு 'ள' என்று வந்தால் மாற்றி அதை ஔகாரம் என்று எடுத்துக்கொள்ளும். 'வெளிநாடு' 'வௌிநாடு' ஆகும். 'வெள்ளவத்தை' 'வௌ்ளவத்தை' ஆகும். 'தெளிவு' 'தௌிவு' ஆகும். எமது குடும்ப வரலாறுகளில் வெளிநாடும் வெள்ளவத்தையும் வராத பக்கம் குறைவு! நல்ல காலமாக இதைத் திருத்துவது எளிது. ஔகாரக் குறிக்குப் பின்னால் விசிறியோ குற்றோ தமிழில் ஒருபோதும் வராது. ஆகவே 'ௌி' என்பதை 'ெளி' என்றும், 'ௌ்' என்பதை 'ெள்' என்றும் தயங்காமல் ஒரேயடியாக மாற்றலாம்.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. 'கௌரி' என்ற பெயரைச் சிலர் கொம்பும் தனி 'ள' வுமாகக் 'கெளரி' என்று எழுதுகிறார்கள். அச்சில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது, அல்லது சற்றே தெரியும். கணினிக்கு அவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். சௌந்தரம், மௌனகுரு, கௌசல்யா என்று இந்த எழுத்தைக் கொண்ட பெயர்கள் எமக்குள் நிறைய இருக்கின்றன.

மூன்றாவது பிழை கண்ணுக்கே தெரியாதது. 'அவர்' என்பதில் உள்ள 'ர்' ஐ, பழைய தட்டச்சுப் பழக்கத்தில் அரவின் மேல் குற்று வைத்து 'அவா்' என்று எழுதுபவர்கள் ஏராளம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் 'அவர்' என்று தேடினால் 'அவா்' கிடைக்காது. ஒரு மலர் முழுவதும் அப்பாவின் பெயர் 'ா்' உடன் பதிந்திருந்தால், நாளைக்கு அவருடைய பூட்டப்பிள்ளை அந்தப் பெயரைச் சரியாக எழுதித் தேடும்போது கணினி 'இல்லை' என்று சொல்லும். அரவுக்கு மேல் குற்று என்பது தமிழில் இல்லாத ஒன்று. ஆகவே இதையும் ஒரேயடியாக மாற்றலாம்.

'ஸ்ரீ' யும் இப்படித்தான். ஸ்ரீஸ்கந்தராஜா, ஸ்ரீரங்கநாயகி என்று எத்தனை பெயர்கள்! 2005 இல் ஒருங்குறியில் 'ஶ' என்ற எழுத்து புதிதாகச் சேர்க்கப்பட்டது. அதன் பிறகு இந்தக் கூட்டெழுத்தை 'ஸ' கொண்டும் எழுதலாம், 'ஶ' கொண்டும் எழுதலாம் என்ற நிலை. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவமாகவே தெரியும். எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒரு மலருக்குள் ஒன்றையே வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, ஆங்கிலச் சொற்கள். பாமினிக் கோப்பின் நடுவே இருந்த ஆங்கிலமும் மாற்றிக்குள் சேர்ந்து போனால் வேடிக்கைதான். ஆங்கிலத்தில் எழுதிய 'ரொறன்ரோ' 'வுழசழவெழ' என்று வரும். இணைய முகவரியின் தொடக்கம் 'றறற' என்று வரும். மின்னஞ்சல் முகவரியின் கடைசியில் 'உழஅ' என்று நிற்கும். இதை மாற்றிய பிறகு திருத்துவதைவிட, மாற்றுவதற்கு முன்னரே ஆங்கிலப் பகுதிகளை வெட்டி வேறாக வைப்பது நல்லது. தொலைபேசி இலக்கங்களுக்குப் பயமில்லை. இலக்கங்கள் பாமினியிலும் இலக்கங்களாகவே இருக்கின்றன.

கொம்பு இடம் மாறினால்

சரி, எல்லாம் ஒருங்குறிக்கு வந்துவிட்டது. இன்டிசைனில் கொண்டுபோய் ஒட்டினால் கொம்புகள் எல்லாம் எழுத்துக்குப் பின்னால் நிற்கின்றன. இடையிடையே புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் தெரிகிறது. "ஒருங்குறி சரிவராது, பாமினிக்கே போவோம்" என்று பலர் திரும்பி ஓடுவது இந்த இடத்தில்தான்.

நடப்பது இதுதான். ஒருங்குறியில் 'கெ' என்பது முதலில் 'க', பிறகு கொம்பு என்ற ஒழுங்கில் பதிகிறது. உச்சரிப்பின் ஒழுங்கு அது. காட்டும்போது கொம்பை இடப்பக்கம் கொண்டுவருவது மென்பொருளின் வேலை. இன்டிசைனில் அந்த வேலையைச் செய்யும் பகுதிக்குக் 'கொம்போசர்' என்று பெயர். ஐரோப்பாவிலும் கனடாவிலும் நாம் வாங்கும் பதிப்பில் வழமையாக இயங்குவது இலத்தீன் எழுத்துக்கான கொம்போசர். அதற்குக் கொம்பை நகர்த்தத் தெரியாது. புள்ளி வட்டம் என்பது "இந்தக் குறிக்கு உரிய எழுத்தைக் காணவில்லை" என்று மென்பொருள் சொல்லும் முறைப்பாடு.

திருத்தம் ஒரு சொடுக்கு. பரகிராப் பனலின் மூலையில் உள்ள மெனுவைத் திறந்து 'அடோபி வேர்ல்ட்-ரெடி பரகிராப் கொம்போசர்' என்பதைத் தெரிவுசெய்யவேண்டும். ஒவ்வொரு பந்திக்கும் தனித்தனியாகச் செய்வது வீண் வேலை. பரகிராப் ஸ்ரைலின் உள்ளே 'ஜஸ்ரிபிகேஷன்' பகுதியில் இதே தெரிவு இருக்கிறது. அங்கே வைத்துவிட்டால் அந்த ஸ்ரைலில் உள்ள அத்தனை பந்தியும் சரியாகும். இன்னும் நல்லது, எந்தக் கோப்பையும் திறக்காமல் பிரிபரன்ஸ் பகுதியில் 'அட்வான்ஸ்ட் ரைப்' என்பதற்குள் சென்று இதையே வழமையாக்கிவிடுவது. பழைய சிஎஸ்6 வைத்திருப்பவர்களுக்கு மெனுவில் இது தெரியாது. அவர்கள் ஸ்கிரிப்ட்ஸ் பனலுக்குள் இருக்கும் 'இன்டிக் பிரிபரன்சஸ்' என்ற சிறு நிரலை இருமுறை சொடுக்கவேண்டும்.

அட்டைப்படத்தைப் போட்டோஷொப்பில் செய்பவர்களுக்கும் இதே சிக்கல் வரும். உள்ளே ஒழுங்காக இருக்கும் பெயர் அட்டையில் உடைந்து நிற்பது அதனால்தான். அங்கே பழைய பதிப்புகளில் பிரிபரன்ஸின் 'ரைப்' பகுதியில் மத்திய கிழக்கு, தெற்காசிய எழுத்துகளுக்கான தெரிவை எடுக்கவேண்டும். பணம் கொடுத்து மென்பொருள் வாங்க வசதியில்லாதவர்களுக்கு, ஸ்கிரைபஸ் என்ற இலவச மென்பொருளின் 1.6 பதிப்பு தமிழை ஒழுங்காகவே காட்டுகிறது. சிறிய மலர் என்றால் லிப்ரே ஒபிஸே போதும்.

எழுத்துருவைத் தெரிவதில் அதிகம் குழம்பவேண்டியதில்லை. உடற்பகுதிக்கு நோட்டோ செரிப் தமிழ், தலைப்புக்கு முக்தா மலர் அல்லது கட்டமரன் போன்றவை கூகுளில் இலவசமாகக் கிடைக்கின்றன. மக் கணினியில் இணைமதி ஏற்கெனவே இருக்கும். பாமினியின் அழகு வராது என்று சிலர் சொல்வார்கள். அது பழக்கம் என்பது எமது அபிப்பிராயம்.

பக்கத்தின் தோற்றத்தில் கெடுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். ஒன்று, வரி இடைவெளி. இன்டிசைன் தானாகக் கொடுப்பது எழுத்தின் அளவில் 120 சதவீதம். 'ணு', 'ஞூ', 'கூ' என்று கீழும் பக்கமும் விரியும் தமிழுக்கு அது போதாது. 11 புள்ளி எழுத்துக்கு 16 புள்ளி வரி இடைவெளி என்று இலக்கமாகவே கொடுத்துவிடுங்கள். 'ஓட்டோ' என்று விட்டால், ஒரு வரியில் ஒரு சொல் மட்டும் பெரிதாக இருந்தாலும் அந்த வரி மட்டும் விலகி நிற்கும்.

மற்றது, இருபக்கமும் சமனாக நிரப்பிய பந்திகளில் சொற்களுக்கிடையே விழும் ஓட்டைகள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. 'வாழ்ந்துகொண்டிருந்தவர்களுடைய' என்ற ஒரு சொல் அடுத்த வரிக்குத் தாவினால் மேல் வரி காற்றாடும். முதலில் பந்தியின் மொழியைத் தமிழ் என்று குறியுங்கள். ஆங்கிலம் என்று கிடந்தால் ஆங்கில விதிப்படி சொல்லை வெட்டப் பார்க்கும். அதன் பிறகும் ஓட்டை விழும் வரிகளில் கையாலேயே முறிக்கலாம். 'இன்சேர்ட் பிரேக் கரக்ரர்' மெனுவில் 'டிஸ்கிரிஷனரி லைன் பிரேக்' என்று ஒன்று இருக்கிறது. சொல்லை அந்த இடத்தில் சிறுகோடு போடாமல் முறிக்கும். எமது பழைய பத்திரிகைகளும் சிறுகோடு இல்லாமல்தான் முறித்தன. ஒரு விதி மட்டும்: குற்றெழுத்து வரியின் தொடக்கத்தில் வரக்கூடாது. 'கொண்' என்று நிறுத்தி 'டிருந்த' என்று தொடரலாம், 'கொ' என்று நிறுத்தி 'ண்டிருந்த' என்று தொடரக்கூடாது. பக்கம் முழுவதும் முடிந்த பிறகு இதைச் செய்யுங்கள். முதலே செய்தால் ஒரு வரி கூடினாலும் எல்லாம் குலைந்துவிடும். சிறிய பக்கத்துக்கு இடப்பக்கம் மட்டும் ஒழுங்காக வைத்து வலப்பக்கத்தைச் சும்மா விடுவதும் அழகுதான்.

பேரப்பிள்ளைகளின் பக்கங்களுக்குத் தனியாக ஒரு பரகிராப் ஸ்ரைல் வையுங்கள். பாமினி ஸ்ரைலுக்குள் நொர்வீஜிய மொழியையோ ஜேர்மன் மொழியையோ ஒட்டினால் அது முழுவதும் பொருளற்ற தமிழ் எழுத்தாகத் தெரியும். அதை யாரும் கவனிக்காமல் அச்சுக்குப் போன மலர்கள் உண்டு. தாத்தாவுக்கு அந்தப் பிள்ளை எழுதிய ஒரே கடிதம் அதுவாக இருக்கும். வேர்ட் கோப்புகளைப் 'பிளேஸ்' செய்யும்போது 'ஷோ இம்போர்ட் ஒப்ஷன்ஸ்' என்பதைத் தெரிந்து, பழைய வடிவங்களை நீக்கிவிட்டு எழுத்தை மட்டும் கொண்டுவருவதும் இப்படியான கலப்படத்தைக் குறைக்கும்.

அச்சுக்குப் போகுமுன்னும் பின்னும்

மெய்ப்புப் பார்க்கும்போது எல்லோரும் வாழ்க்கை வரலாற்றைத்தான் கவனமாக வாசிக்கிறார்கள். பிழைகள் மறைந்திருப்பது வம்சாவளியிலும் நன்றி நவிலலிலும். அங்கே வசனம் இல்லை, பெயர்கள் மட்டும்தான். பிழையான பெயரும் ஒரு பெயர் போலவே தெரியும். ஆகவே வம்சாவளியைத் தாளில் அச்செடுத்து, உறவுமுறை தெரிந்த ஒருவரிடம் கொடுத்து உரத்து வாசிக்கச் சொல்லுங்கள். சின்னம்மாவோ மாமாவோ வீடியோ அழைப்பில் இருந்தாலும் போதும். பத்து நிமிட வேலை.

அச்சகத்துக்குக் கொடுப்பது எழுத்துரு உட்பொதிந்த பிடிஎஃப் கோப்பாக இருக்கட்டும். சில அச்சகங்கள் எழுத்துகளைக் கோட்டுருவமாக மாற்றித் தரச் சொல்லும். மாற்றினால் எழுத்து என்பது படமாகிவிடும், திரும்ப எழுத்தாக்க முடியாது. அதை ஒரு பிரதியில் மட்டும் செய்து, மூலக் கோப்பைத் தொடாமல் வையுங்கள்.

இனி எமக்கு மிக முக்கியமாகப் படும் விடயம். அச்சாகி, கொடுத்து, சடங்கு முடிந்த பிறகு அந்தக் கோப்பு என்னவாகிறது? இருபது வருடங்களுக்கு முன்னர் அம்மம்மாவுக்கு வெளியிட்ட மலரை இப்போது மறுபடி எடுக்க விரும்பும் குடும்பங்கள் எம்மிடம் பேஜ்மேக்கர் கோப்புடன் வருகின்றன. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 7.0, 2001 இல் வந்தது. சிஎஸ்6 வரையான இன்டிசைன், பேஜ்மேக்கர் 6, 7 கோப்புகளைத் திறந்தது. அதன் பின்வந்த சிசி பதிப்புகள் திறப்பதில்லை. இப்படி ஒரு கோப்பு வீட்டில் இருந்தால், பேஜ்மேக்கரோ சிஎஸ்6 ஓ ஓடும் பழைய கணினி யாரிடமாவது இருக்கும்போதே திறந்து, எழுத்தை 'எக்ஸ்போர்ட்' செய்து வெளியே எடுத்துவிடுங்கள். எடுத்தது பாமினியாகத்தான் இருக்கும். பாதகமில்லை, மேலே சொன்னபடி மாற்றலாம். மைக்ரோசொப்ட் பப்ளிஷரில் செய்தவர்களும் அவசரப்படவேண்டும். அந்த மென்பொருளுக்கான ஆதரவு 2026 ஒக்டோபருடன் முடிவதாக அந்த நிறுவனம் அறிவித்திருக்கிறது. மிகப் பழைய எழுத்துருக்களில் 'ரைப் 1' வகையைச் சேர்ந்தவையும் உண்டு. அவற்றை 2023 ஜனவரியுடன் அடோபி கைவிட்டுவிட்டது.

இந்த மலர்கள் குடும்பத்துக்கு மட்டும் உரியவை அல்ல. 2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் இணைய நூலகத்தில் ஈழத்து நினைவு மலர்களுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. ஊர்களின் வரலாற்றை எழுதுபவர்களுக்கு இந்த வம்சாவளிகளும் வாழ்க்கைக் குறிப்புகளும் வேறெங்கும் கிடைக்காத ஆதாரங்கள். இன்று ஆளில்லாமல் கிடக்கும் ஒரு குறிச்சியில் யார் யார் வீடுகள் இருந்தன, எந்தப் பள்ளிக்கூடத்தில் யார் படிப்பித்தார் என்பது ஏதோவொரு கல்வெட்டின் பன்னிரண்டாம் பக்கத்தில்தான் இருக்கும். அது தேடிக் கிடைக்கவேண்டுமானால் பெயர் பெயராகவே பதிந்திருக்கவேண்டும்.

பிடிஎஃப் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். பாமினியில் அமைத்த பிடிஎஃப்பிலிருந்து ஒரு வரியைப் பிரதிசெய்து ஒட்டிப் பாருங்கள், ஆங்கிலக் குப்பைதான் வரும். ஒருங்குறியில் அமைத்ததிலும் சிலவேளை கொம்பும் அரவும் இடம் மாறி வரும். எனவே கடைக்காரருக்குப் பணம் கொடுக்கும்போது மூன்று பொருட்களைக் கேட்டு வாங்குங்கள்: அச்சுக்குப் போன பிடிஎஃப், 'பக்கேஜ்' செய்த முழுக் கோப்புறை, வெறும் எழுத்துக் கோப்பாக ஒருங்குறியில் முழு உள்ளடக்கம். கோப்புறையில் எழுத்துருக்களும் படங்களும் ஐடிஎம்எல் கோப்பும் இருக்கவேண்டும். ஐடிஎம்எல் இருந்தால் வேறு பதிப்பு இன்டிசைனிலும் திறக்கலாம். மூன்றாவதைக் கேட்டால் சிலர் முகம் சுழிப்பார்கள். முற்பணம் கொடுக்கும்போதே பேசிவிட்டால் பிரச்சினை இல்லை. வந்ததும் அந்த எழுத்துக் கோப்பைத் திறந்து, மறைந்தவரின் பெயரை நீங்களே தட்டித் தேடிப் பாருங்கள். கிடைத்தால் ஒரு பிரதியை வேறு நாட்டில் இருக்கும் சகோதரருக்கும் அனுப்பிவைத்துவிடுங்கள்.